அழுத்து, விடு

பர்லியாருக்கு மேலே மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
பெடல் தரையைத் தொட்ட பிறகும்
கிளட்ச் காதில் விழாததுபோல் இருந்ததாம்.
பின் சீட்டில் மணப்பெண், அவள் அத்தை, மடியில் தட்டுகள்.
சக்கரத்துக்குக் கல் வைத்தது மாப்பிள்ளைத் தோழன்.
இவ்வளவும் எனக்குத் தெரிய வந்தது
கல்யாண வீட்டார் சொல்லி, நான்கு நாள் கழித்து.

வண்டியில் பாதி என்னுடையது.
வாடகைக்கு விட்டது எந்தப் பாதியை என்று
செல்வினிடம் கேட்டேன்.
அதன்பின் பதினோரு மாதம்
ஒருவரை ஒருவர் எதுவும் கேட்கவில்லை.

ஐம்பத்து நான்காம் வருடத்து பேபி இந்துஸ்தான்.
எஸ்டேட் ஏலத்தில், உடைந்த இலைத் தராசு ஒன்றோடு
சேர்த்துத் தலையில் கட்டினார்கள்.
பணம் என்னுடையது, ஷெட் தம்பியுடையது.
பெட்போர்டு சரிவில் தகர ஷெட்;
நவம்பரில் உள்ளேயும் மழைதான்,
கொஞ்சம் மெலிந்த மழை.

இந்த வேலையை ஒற்றை ஆள் செய்ய முடியாது.
இதன் கெட்ட குணமே அதுதான்.
ஒருவர் மிதிக்க வேண்டும். இன்னொருவர்
கீழே மல்லாந்து, டார்ச்சைக் கழுத்தில் இடுக்கி,
எந்த மூட்டு பொய் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

'அழுத்து' என்றேன்.
முதல் மூட்டு நகர்ந்தது. இரண்டாவது யோசித்தது.
'விடு.'
'அழுத்து.'
குறுக்குத் தண்டு திரும்புவதற்குப் பதில்
புஷ்ஷுக்குள் ஒருபக்கமாய் ஏறிப் படுத்தது,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரி.
'விடு.'
பதினோரு மாதத்தில் எங்கள் முதல் பேச்சு:
இரண்டே சொல்.
இரண்டும் என்னுடையவை.

எட்டு மில்லிமீட்டர் பின் ஆறரை ஆகியிருந்தது.
வட்டமாய்ப் பிறந்த துளைகள் முட்டையாகியிருந்தன.
ஓரிடத்தில் பின்னே இல்லை, வளைத்த ஆணி.
சந்து அடைக்க மடித்துச் செருகிய தகரத்தில்
'…ஸ்கட்' என்று பாதி எழுத்து.
யாரோ எப்போதோ நடு ரோட்டில்
வீடு போய்ச் சேர்ந்தால் போதுமென்று செய்தது.
திட்ட வாயெடுத்தேன்.
போய்ச் சேர்ந்துதான் இருக்கிறார்கள்.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான்.
இங்கே நகத்தளவு, அங்கே தாளளவு.
கூட்டினால், பெடல் சும்மா இறங்கும் மூன்று அங்குலம்.
இதற்கு உவமை எதுவும் வேண்டாம்.
மேலே உட்கார்ந்திருப்பவனுக்கும் கணக்கு தெரியும்.

பகலில் தேயிலை உருட்டும் மெஷின்களுக்குக் கடையும் லேத்தில்
ராத்திரி இரண்டு வெண்கல புஷ் கடைந்தேன்.
மஞ்சள் சுருள் தெறித்து
ஸ்வெட்டரில் இன்னும் குத்துகிறது.
துளைகளை வெல்டு வைத்து மூடி,
புதிதாய்த் துளைத்து, ரீமரைப் பொறுமையாய்ச் சுற்றி.
பின் உள்ளே போனபோது சத்தமே இல்லை.
அதுதான் சரியான சத்தம்.

மறுநாள் டயர் பக்கத்தில் ஒரு டம்ளர் டீ,
காகிதத்தில் இரண்டு வர்க்கி.
யார் வைத்தது என்று நான் பார்க்கவில்லை.
சாப்பிட்டேன்.

கடைசி நட். ஆட்டம் முழுக்கச் சாகும்வரை
முறுக்கிக்கொண்டே போனேன்.
அப்போதுதான் மேலிருந்து:
'அவ்வளவு இறுக்காதே. ஒரு விரல் இடம் விடு.
எந்நேரமும் ஒட்டி உரசினால்
கரி பேரிங் எரிந்துவிடும்.'

தெரியும்.
அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும்.
ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து
இரண்டு சுற்று தளர்த்தினேன்.

காட்டர் பின்னின் காலை விரித்துக்கொண்டே கேட்டேன்:
'அந்தப் பொண்ணு எப்படிப் போய்ச் சேர்ந்தாள்?'
'கொஞ்ச தூரம் நடந்தாள், செருப்பைக் கையில் பிடிச்சுக்கிட்டு.
அப்புறம், கேரட் இறக்கிட்டுத் திரும்பின லாரி.
சிரிச்சுக்கிட்டேதான் ஏறினாள்.'
'வாடகை?'

பெடல் ஒரு முறை இறங்கி, மேலே வந்தது.
நான் சொல்லாமலே.